கொக்கியை நம்பி மலையேறலாமா?

கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் கிடைத்தது. இரண்டிலும் பேச்சு பெரும்பாலும் சொந்த எஞ்சினில் ஓடும் வண்டிவீட்டைப் பற்றியது. மோகம் அதோடு நிற்கவில்லை. தார், ஸ்கார்ப்பியோ, வி-கிராஸ் போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்களில் சிலருக்குப் பின்னால் ஒரு படுக்கைப் பெட்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போகும் ஆசை வந்திருக்கிறது. ஆசையோடு அமெரிக்காவிலிருந்து ஒரு நம்பிக்கையும் வந்து இறங்கியிருக்கிறது. பின்வண்டி ஆடினால் கோளாறு அதைக் காரோடு இணைக்கும் ஹிட்ச்சில்தான், நல்ல ஹிட்ச்சாகப் பார்த்து மாட்டித் திருகை முறுக்கினால் ஆட்டம் அடங்கிவிடும் என்பதே அது.

மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஏறும் பாதையில் வைத்துப் பார்த்தால் இந்த நம்பிக்கை பாதிகூடத் தேறாது.

ஹிட்ச் ஆதரவாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஹிட்ச்சில் பின்வண்டியின் மூக்கு வந்து அமரும் பந்தின் உயரம் தவறினால் பின்வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும், ஆட்டமும் கூடும். மட்டமாகவோ மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்கும்படி உயரத்தைச் சரிசெய்வது ஒரு மணி நேர வேலை, அதைச் செய்யாமல் விடுவது சோம்பேறித்தனம். பாரத்தைப் பகிரும் ஹிட்ச்சிலும் குறை சொல்ல அதிகமில்லை. பின்வண்டியின் மூக்கு காரின் பின்பக்கத்தை அழுத்தினால் முன்சக்கரங்கள் லேசாகிவிடும், ஸ்டியரிங் பிடிப்பு குறையும். இரண்டு வில்தண்டுகளை நெம்புகோல்போல இறுக்கி அந்தப் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கே திருப்பி அனுப்புவதுதான் இந்த ஹிட்ச்சின் வேலை. முன்சக்கர வளைவின் உயரத்தைக் கட்டுவதற்கு முன்னும் கட்டிய பின்னும் டேப்பால் அளந்து, எழும்பிய உயரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து முறுக்குவார்கள். எளிய, நேர்மையான முறை. அமெரிக்கரான ஜிம் ஹென்ஸ்லி வடிவமைத்த ஹிட்ச் வகை இன்னும் ஒரு படி மேல். அதன் இணைப்புத் தண்டுகளின் அமைப்பு, பின்வண்டி திரும்பும் புள்ளியைக் காரின் பின் அச்சை நோக்கி நகர்த்திவிடுகிறது. அது உராய்வை நம்பி நிற்பதில்லை. ஆனால் அதன் விலையும் எடையும் நம் ஊர்ச் சிறு பெட்டிகளுக்கு அல்ல, அமெரிக்காவின் பெரும் பின்வண்டிகளுக்கே கட்டுப்படியாகும்.

நம்மவர்கள் ஆசைப்படுவது இவற்றைவிட மலிவான உராய்வுத் தண்டுக்கு. பந்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு பந்து, அதில் ஒரு தண்டு, தண்டைக் கவ்விப் பிடிக்கும் உராய்வுப் பட்டை, இறுக்க ஒரு கைப்பிடி. பெட்டி இடமும் வலமும் ஆடும்போது தண்டு உள்ளே வெளியே நழுவும். பட்டை அதைத் தடுக்கும். கைப்பிடியை இன்னும் முறுக்கினால் ஆட்டம் இன்னும் குறையும். கண்ணுக்குத் தெரிகிற பலன் என்பதால் வாங்கியவருக்குத் திருப்தி.

இடைஞ்சல் அந்தத் திருப்தியில்தான் இருக்கிறது. சேலம்–கோவை நெடுஞ்சாலையில் எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆம்னி பஸ் ஒன்று முந்துகிறது. அதன் காற்று பெட்டியின் பின்புறத்தை ஒரு பக்கம் தள்ளுகிறது. பெட்டி ஒருமுறை ஆடி அடங்கினால் நல்லது. குறிப்பிட்ட ஒரு வேகத்தைத் தாண்டிவிட்டால் அடங்காது, ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். அந்த வேகம் வண்டிக்கு வண்டி மாறும். பாரம் சரியாக ஏற்றிய பெட்டிக்கு அது எட்டாத உயரத்தில் இருக்கும், தவறாக ஏற்றியதற்கு எழுபதிலேயே வந்துவிடலாம். உராய்வுப் பட்டையின் எதிர்ப்போ மாறாத அளவு கொண்டது. ஆட்டத்தின் வீச்சு இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் நாலு மடங்காகிறது, பட்டை ஒரு வீச்சில் உறிஞ்சுவது இரண்டு மடங்குதான். சின்ன ஆட்டத்தை அது விழுங்கிவிடும், பெரிய ஆட்டத்தில் அதன் பங்கு சுருங்கிக்கொண்டே போகும்.

அதாவது, ஓட்டுநருக்கு எச்சரிக்கையாக வரவேண்டிய ஆட்டத்தை மறைத்துவிட்டு, அவரைக் கொல்லக்கூடிய ஆட்டத்தின்போது இந்தத் தண்டு கைவிடுகிறது. அறுபதில் லேசாக ஆடினால் ஓட்டுபவர் ஓரங்கட்டி இறங்கிப் பார்ப்பார், பின்னால் வைத்த தண்ணீர் கேனை முன்னால் நகர்த்துவார். தண்டு மாட்டியவருக்கு அந்த அறிகுறியே தெரியாது. தொண்ணூறுக்குப் போவார்.

பாரம் ஏற்றும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. முன்பாரம், பின்பாரம் பார்க்காமல் எந்த வண்டிக்காரரும் மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றியதில்லை. பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலெழும், முன்பாரம் மிகுந்தால் மாடு கழுத்துப் புண்ணோடு நிற்கும். கார் கத்தாது என்பதால் அதன் கழுத்தை யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்க வழக்கில் பின்வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு பந்தின்மேல் இருக்கவேண்டும். ஐரோப்பியர்கள் 4 முதல் 7 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள், ஏனெனில் அங்கே இழுவை வேகத்துக்குக் கட்டுப்பாடு அதிகம், பளுவான சாமான்களை அச்சையொட்டியே வைக்கும்படி பெட்டியை வடிவமைக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 900 கிலோ பெட்டி, பந்தின்மேல் 100 கிலோ, பந்துக்கும் அச்சுக்கும் இடையே மூன்று மீட்டர். குறையில்லாத வண்டி. மலையில் தண்ணீர் கிடைக்குமோ என்னவோ என்று பயந்து, அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்கும் தொட்டியில் 100 லிட்டர் நிரப்புகிறார்கள். பந்தின்மேல் இருந்த பாரத்தில் 50 கிலோ போய்விடும். மொத்த எடை 1,000 கிலோ, முன்பாரம் 5 விழுக்காடு. ஹிட்ச் அதேதான், திருகும் அதே முறுக்கில்தான் இருக்கிறது. வண்டி மட்டும் வேறு வண்டி. போதாக்குறைக்குப் பின்புறத்தில் ஸ்டெப்னியும் இரண்டு சைக்கிளும் தொங்கினால், ஒருமுறை ஆடத் தொடங்கிய பெட்டியைத் திருப்பி நிறுத்துவது இன்னும் கடினம்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் எடை, அச்சின் இடம், மூக்குப் பாரம் எல்லாவற்றையும் மாற்றத்தக்க சோதனைப் பின்வண்டி ஒன்றைக் கட்டி ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2009-இல் வெளியானது. அதிவேகத்தில் வண்டி நிலைப்பதும் கெடுவதும் முக்கியமாக முன்பாரத்தையும், அச்சின் இடத்தையும், எடை நுனிகளில் பரவியிருக்கிறதா நடுவில் குவிந்திருக்கிறதா என்பதையும் பொறுத்தது என்று அதில் தெரிந்தது. இவற்றில் எதையும் ஹிட்ச் கடையில் வாங்க முடியாது. மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டிப் பக்கம் எடைமேடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே மொத்த எடை தெரிந்துவிடும். லாரிக்கான எடைமேடை பெரும்பாலும் பத்து, இருபது கிலோக் கணக்கில் காட்டுவதால் முன்பாரத்துக்குக் குளியலறை எடைக்கருவியும் அதன்மேல் ஒரு மரக்கட்டையும் போதும். ஹிட்ச்சுக்குப் பல ஆயிரம் செலவழிப்பவர்கள் இந்தக் கருவியை எடுத்துவரத் தயங்குவது விந்தை.

சமவெளிக் கதை இவ்வளவே. மலையடிவாரத்துக் கல்லாறைத் தாண்டியதும் கேள்வியே மாறிவிடுகிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையில் யாரும் எண்பதில் போவதில்லை. ஆட்டம் வளர்வதற்கான வேகமே அங்கே கிடையாது. எனவே ஆட்டத்தை அடக்கும் தண்டுக்கு இங்கே செய்ய நல்ல வேலை எதுவும் இல்லை, கெட்ட வேலை இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் காருக்கும் பெட்டிக்கும் இடையே பெருங்கோணம் விழவேண்டும், தண்டு அதைத் தடுக்கும். எதிரே பஸ் வந்து பின்னுக்கு எடுக்க நேர்ந்தால் முதலில் தண்டைக் கழற்றவேண்டும். கழற்றாமல் ரிவர்ஸ் எடுத்தால் தண்டு வளையும் அல்லது முறியும். சாலை வழுக்கினால் தண்டைத் தளர்த்திவிடும்படி தயாரிப்பாளர்களே அறிவுறுத்துகிறார்கள், ஏனெனில் ஈரத்தில் காரின் முன்சக்கரம் திரும்பினாலும் தண்டு முழு வண்டியையும் நேராகவே தள்ளிக்கொண்டு போகக்கூடும். குன்னூர்ச் சரிவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, 2009 நவம்பரில் மலையையே சரித்த மழை. அந்த மாதங்களில் இந்தத் தண்டு காருக்குள் பயணம் செய்வதே உத்தமம்.

ஏற்றத்தைவிட இறக்கமே இங்கே பெரிய கேள்வி. குன்னூர் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,712 மீட்டர், மேட்டுப்பாளையம் 326 மீட்டர். ஒரு டன் பெட்டி மட்டும் இந்த உயரத்தை இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல், நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே பெட்டியை முப்பத்தைந்து முறை நிறுத்துவதற்கு ஈடு. டயரும் காற்றும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மிச்சம் எங்காவது வெப்பமாகத் தீரவேண்டும். பெட்டிக்குப் பிரேக் இல்லையென்றால் அது முழுதும் காரின் எஞ்சின்மேலும் பிரேக் தட்டுகள்மேலும் விழும். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி இந்த மலைப்பாதைகளில் வைத்திருக்கும் எச்சரிக்கைகள் தனி வண்டிக்கானவை. தனி வண்டிக்கே இந்த இறக்கம் எளிதன்று. 2023 செப்டம்பர் 30 அன்று இதே பாதையில் மரப்பாலம் அருகே தென்காசிப் பக்கத்துச் சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்ததில் ஒன்பது பேர் இறந்தார்கள்.

பிரேக் இல்லாத பெட்டி இறக்கத்தில் காரைத் தள்ளும். நேர்சாலையில் அந்தத் தள்ளல் பின்பக்கத்தில் ஓர் உந்தலாக மட்டுமே தெரியும். வளைவில் காருக்கும் பெட்டிக்கும் முப்பது டிகிரி கோணம் விழுந்திருக்கும்போது அதே தள்ளலில் பாதி, காரின் பின்புறத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையாகிவிடும். ஈரச்சாலையில் பின்சக்கரம் நழுவினால் காரும் பெட்டியும் கத்தரிபோல மடங்கும். உலகின் எந்த ஹிட்ச்சும் அந்தத் தள்ளலை இல்லாமல் ஆக்குவதில்லை, கடத்த மட்டுமே செய்கிறது.

இந்தச் சரிவில் இதற்கான விடையை 1899-லேயே ஓடவிட்டுவிட்டார்கள். ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் நீலகிரி மலை ரயிலில், மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்கும். ஏறும்போது பெட்டிகளைத் தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். இணைப்புக் கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் ஓடிவிட வழியில்லை. அதோடும் விடவில்லை, ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பிரேக், அதை இயக்கப் பெட்டியின் மேடையில் தனி ஆள். பல்சக்கரம் இருந்தும் இவ்வளவு ஏற்பாடு. கீழே சாலையில் போகும் ஒரு டன் பெட்டிக்கு மட்டும் ஒரு திருகும் ஒரு பந்தும் போதுமென்று நினைப்பது துணிச்சல் ஆகாது, அறியாமை.

மேல்நாட்டுத் தயாரிப்பாளர்களும் கடைசியில் பிரேக்குக்கே வந்து சேர்ந்தார்கள். ஆட்டத்தை உணர்ந்து பின்வண்டியின் பிரேக்கைத் தானே பிடிக்கும் மின்னணுக் கருவியை ஜெர்மனியின் அல்-கோ விற்கிறது. அமெரிக்க மின்பிரேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டியில், பின்வண்டிக்கு மட்டும் பிரேக் பிடிக்க ஒரு நெம்புகோல் இருக்கிறது. ஆடும் பெட்டியைப் பின்னாலிருந்து இழுத்து நேராக்க அதைவிடச் சிறந்த வழி ஓட்டுநர் கையில் இல்லை. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட பின்வண்டிக்குப் பிரேக் கட்டாயம். அங்கே பரவலாக உள்ளது, பெட்டி காரை முட்டும் விசையாலேயே இயங்கும் பிரேக். நீண்ட இறக்கத்தில் அது ஓயாமல் உரசிச் சூடேறும் என்பதால் பர்லியார்ப் பாதைக்கு மின்பிரேக்கே ஏற்றது.

நம் ஊரில் நெல்லும் கரும்பும் ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லர்கள் பலவற்றுக்குப் பிரேக் கிடையாது. சமவெளியில், மெதுவான வேகத்தில், ஓர் இரும்புப் பின்னை நம்பி ஓடிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் படுக்கைப் பெட்டிக்கும் தொற்றக்கூடாது. பெட்டிக்குள் குளிர்சாதனப் பெட்டி, சூரியத் தகடு, மடக்கும் அடுப்பு எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, பிரேக்கைக் கேட்டால் “நல்ல ஹிட்ச் போட்டிருக்கோம் சார்” என்று பதில் சொல்லும் விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்காமல் திரும்புவது நல்லது. அரசும் முகாம் இடங்களைப் பற்றிப் பேசிய பிறகு இதைப் பேசலாம். கல்லாறிலும் பர்லியாரிலும் இ-பாஸுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் வண்டியை நிறுத்துகிற நேரத்தில், பெட்டியின் சக்கரத்துக்குப் பிரேக் ஒயர் போகிறதா என்று ஒருவர் டார்ச் அடித்துக் குனிந்து பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.