அசிங்கம் நீக்கும் கட்டளை: க்னூஸின் மூல நிரலை வாசித்தல்

ஈமாக்ஸ் என்ற எழுதிக் கருவியின் 28.1 பதிப்பு 2022 ஏப்ரலில் வந்தது. அதோடு வரும் ‘புதிது என்ன’ கோப்பு ரொம்ப நீளம். அதற்குள்ளே தமிழைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு இருக்கு. அதுவரை ஈமாக்ஸின் ஐட்ரான்ஸ், இன்ஸ்கிரிப்ட் ஆகிய இரண்டு தமிழ் உள்ளீட்டு முறைகளிலும் 1 தட்டினால் ௧ விழும், 2 தட்டினால் ௨ விழும். இனி விழாது. தமிழ் பேசுகிறவர்கள் இந்த எண்களை இப்போது புழங்குவதில்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். பழையபடி வேண்டும் என்பவர்களுக்கு அதே முறைகள், பெயரின் வாலில் ‘டிஜிட்ஸ்’ ஒட்டிக்கொண்டு, பத்திரமாக இருக்கின்றன.

காரணம் முழுக்கச் சரியில்லை. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எண்கள் இன்றைக்கும் அச்சாகின்றன. ஆனால் இந்த மாற்றத்தைச் செய்தவர் முழுக்கச் சரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏனென்றால் அவர் எதையும் அழிக்கவில்லை. பெயரை மாற்றி, நகர்த்தி வைத்து, எங்கே போனால் கிடைக்கும் என்று ஒரு வரி எழுதி வைத்தார். தப்பாக இருந்தால் அடுத்த ஆள் திருப்பிக்கொள்ளலாம்.

இந்தப் பழக்கத்தை நான் முதலில் பார்த்தது ஈமாக்ஸுக்குள் குடியிருக்கும் க்னூஸில். க்னூஸ் ஒரு மின்னஞ்சல் வாசிப்பான், செய்திக்குழு வாசிப்பானும்கூட. செய்திக்குழு என்றால் யூஸ்நெட்: முகநூலுக்கெல்லாம் பல வருஷம் முந்தைய, யாருக்கும் சொந்தமில்லாத அரட்டைக் கடல். ‘நியூஸ்’ என்ற சொல்லையும் ‘க்னூ’ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பெயரையும் பிசைந்தால் க்னூஸ். கதை, கவிதை விமர்சனம் வரும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பல கைகள் எழுதி, அடித்து, திருத்தி, இன்னும் முடியாமல் இருக்கும் ஒரு பிரதி அது. அப்படி ஒன்றை எப்படி வாசிப்பது என்பது விமர்சனத்தின் கேள்விதான்.

முதல் க்னூஸை 1980களின் இறுதியில் எழுதியவர் ஜப்பானியரான மசனோபு உமேதா. 1994 இலையுதிர் காலத்தில் நார்வேக்காரர் லார்ஸ் இங்கேப்ரிக்ட்சன் அதை அடியோடு திருப்பி எழுதினார். எதற்கு? போரடித்ததாம். கையேட்டிலேயே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதிய கையேட்டை நகைச்சுவைக்காகவே படிக்கலாம். அந்த மறுஎழுத்தில் உருவான பெரிய எண்ணம், கடிதத்தையும் செய்தியாக வாசிப்பது. படித்தது கண்ணிலிருந்து மறையும். வைத்துக்கொள்ள வேண்டுமானால் நாம்தான் குறி போட வேண்டும். ‘காலாவதியாகலாம்’ என்று குறித்த கடிதம், நாம் வேறு மாதிரி சொல்லாதவரை, ஏழு நாளில் போய்விடும். கடிதம் என்றாலே இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பது என்று பழகிய நமக்கு இது முதலில் கல்நெஞ்சமாகத் தெரியும். கொஞ்ச நாள் புழங்கிப் பார்த்தால், எதை வைத்துக்கொள்வது என்ற முடிவை அது வாசகரிடமே விட்டிருக்கிறது என்று புரியும்.

நிரல் நடைக்கு வருவோம். ஈமாக்ஸ் லிஸ்ப் மொழியில் பெயர்களுக்கென்று தனித்தனி வீடு கிடையாது. எல்லாப் பெயரும் ஒரே தெருவில்தான் நிற்கும். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் குடும்ப அடையாளம் ஒட்ட வேண்டும். கடிதம் எழுதும் பகுதிக்கு ‘மெசேஜ்’, இணைப்புகளைப் பிரிக்கும் பகுதிக்கு ‘எம்எம்’, கடிதம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பின்புலங்களுக்கு ‘என்என்’. நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து போலத்தான். ஒரு வகுப்பில் மூன்று குமார் இருந்தால் கா. குமார், மு. குமார், ரா. குமார். யார் வீட்டுப் பிள்ளை என்று பெயரே சொல்லிவிடும். அரைப்புள்ளிகளுக்கும் ஒழுங்கு உண்டு: வரியின் ஓரத்துக் குறிப்புக்கு ஒன்று, தனி வரிக் குறிப்புக்கு இரண்டு, பகுதித் தலைப்புக்கு மூன்று. ஒவ்வொரு செயல்கூறும் தன்னைப் பற்றி ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டும், அந்த வாக்கியம் முதல் வரிக்குள் முடிய வேண்டும். இது கண்டிப்பான நடைதான், ஆனால் வறட்டு நடையல்ல.

அதன் குணம் உண்மையில் தெரிவது வேறு இடத்தில். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கில் எழுதிய பதில் கடிதங்கள் ஒரு காலத்தில் மேற்கோள் வரிகளை உடைத்து, யார் சொன்னது எது என்று தெரியாமல் குழப்பியடிக்கும். க்னூஸில் அதைச் சரிசெய்ய ஒரு தனிக் கோப்பே உண்டு. கோப்பின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘அசிங்கம் நீக்கி’. அதே நிறுவனத்தின் வளைந்த மேற்கோள் குறிகளைச் சாதாரணமாக்க இன்னொரு கட்டளை. அதன் விளக்கத்தில் அந்தக் குறிகளின் பெயருக்கு, கெட்ட வார்த்தையை மறைப்பது போல நடுநடுவே நட்சத்திரக் குறிகள். கையேட்டில் அந்த நிறுவனத்தின் பெயருக்கும் அதே மரியாதைதான். குசும்பு பிடித்த ஆட்கள். ஆனால் கவனியுங்கள், கிண்டல் பண்ணிவிட்டுக் கடிதத்தைத் தூக்கி எறியவில்லை. வேலை மெனக்கெட்டு, வாசிக்கிற மாதிரி ஆக்கித் தருகிறார்கள்.

இதைவிட நுட்பமானது ஒன்று இருக்கு. கடிதத்தின் தலைப்பகுதி ‘நான் இன்ன குறியாக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறேன்’ என்று சொல்லும். பல நேரம் பொய் சொல்லும். ஐஎஸ்ஓ 8859-1 என்று அறிவித்துவிட்டு விண்டோஸ் 1252-ல் வந்து நிற்கும். க்னூஸில் இதற்கென்று ஒரு சின்னப் பட்டியல்: இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் அதை நம்பாதே, உள்ளே இருப்பது அது. நல்ல பதிப்பாசிரியர் ஏட்டை அணுகுவதும் இப்படித்தான். எழுதியவர் கை பிசகியிருக்கும் என்று தெரிந்து, அவர் என்ன சொல்ல வந்தார் என்பதன் பக்கம் நிற்பது.

எனக்கு இந்தப் பொறுமை ரொம்பப் பிடிக்கும். 2002-ல் இதே லார்ஸ் ‘ஜிமேன்’ என்ற சேவையைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான மடலாடற்குழுக்களைச் செய்திக்குழுபோல வாசிக்கும்படி செய்தார். 2016-ல் அதன் வலைப்பக்கம் நின்றுபோனது. செய்தி வழங்கி மட்டும் வேறு கைகளுக்கும் வேறு முகவரிக்கும் மாறி இன்னும் ஓடுது.

இனி குறை. கடிதங்களிடம் இவ்வளவு பொறுமையாக இருக்கும் க்னூஸ், தனக்கு அடுத்து வருகிற ஆளிடம் அப்படி இல்லை.

சுருக்கக் காட்சியைக் கவனிக்கும் கோப்பு மட்டும் 12,000 வரிக்கு மேல். அதற்குள் எங்கே நின்றாலும், வேறெங்கோ நிரப்பப்பட்ட மாறிகளை நம்பித்தான் நிற்க வேண்டும். எது எப்போது நிரப்பப்பட்டது என்பது ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் தெரியும். பல வருஷம் க்னூஸுக்கு இரண்டு வீடு வேறு: தனியாக ஒரு மரம், ஈமாக்ஸுக்குள் ஒரு மரம். இங்கே திருத்தினால் அங்கேயும் திருத்த வேண்டும். 2001-ல் வந்த ஈமாக்ஸ் 21-ல் க்னூஸ் 5.9. 2007-ல் ஈமாக்ஸ் 22 வரும்போதுதான் 5.11. இடையில் ஆறு வருஷம், தனியாக இறக்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள் ஒரு க்னூஸையும் மற்றவர்கள் பழைய க்னூஸையும் புழங்கினார்கள். போதாததற்கு எக்ஸ்-ஈமாக்ஸ் என்ற பிரிந்துபோன பங்காளி வீட்டிலும் அதே நிரல் ஓட வேண்டும். இல்லாத செயல்கூறுகளுக்கெல்லாம் மாற்று எழுதி அடைத்தார்கள். 2016 வாக்கில் தனி மரத்தை மூடி எல்லாவற்றையும் ஈமாக்ஸுக்குள்ளேயே கொண்டுவந்த பிறகு அந்த அடைசல்களைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கினார்கள். அதற்கப்புறம் நிரல் நன்றாகவே மூச்சு விடுது.

க்னூ திட்டத்தின் மாற்றப் பதிவு முறையும் எனக்கு உறுத்தல். எந்தக் கோப்பில் எந்தச் செயல்கூறில் என்ன மாறியது, யார் மாற்றியது, எந்த நாள்: இவ்வளவும் துல்லியமாக இருக்கும். ஏன் என்பது பதிவில் தேவையில்லை, விளக்கம் வேண்டுமானால் நிரலுக்குள்ளேயே குறிப்பாக எழுது என்பது விதி. நல்ல விதிதான். எழுதினால். பாதி இடத்தில் பதிவில் ‘ஏன்’ இல்லை, விதியை நம்பி நிரலுக்குள் போனால் அங்கேயும் இல்லை. உ.வே.சா. முகவுரையில் ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று நன்றியோடு சொல்லுவார், பாட பேதத்தையும் காட்டுவார். க்னூஸின் மாற்றப் பதிவில் முதல் பாதி மட்டும்தான் உண்டு.

என் வேலையிடத்தில் சோதனை இயந்திரத்துக்கான ஒரு நிரல் இருக்கு. எழுதியவர் சிங்கப்பூர் போய்ப் பல வருஷம் ஆச்சு. நடுவில் ஒரு குறிப்பு: தொடாதே, லைன் நின்றுவிடும். அவ்வளவுதான். ஏன் நிற்கும் என்று இல்லை. யாரும் தொடுவதில்லை. புது இயந்திரம் வாங்கியபோது அந்த நிரலை அப்படியே நகலெடுத்தார்கள், தேவையில்லாத பகுதியோடு சேர்த்து. ‘ஏன்’ இல்லாத நிரலுக்கு இதுதான் கதி. பயபக்தியோடு காப்பாற்றுவார்கள், யாரும் வாசிக்கமாட்டார்கள்.

இன்னொரு வாசற்படியும் உண்டு. ஈமாக்ஸுக்குச் சுமார் 15 வரிக்கு மேல் பங்களித்தால் காப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ‘சின்ன மாற்றம்’ என்று குறித்து ஏற்றுக்கொள்வார்கள். சட்டரீதியாக இதன் நியாயம் புரியுது. ஆனால் ஆர்வக்கோளாறில் ஒரு சனிக்கிழமை ராத்திரி உட்காருகிற பிள்ளைக்கு முதலில் வருவது ஒரு பத்திரம் என்றால், பாதிப் பேர் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டு விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு நம்ம கதை. தமிழ் இணையத்தின் ஆரம்பமே கடிதம்தான். மலேசியாவின் முத்து நெடுமாறன் தன் மென்பொருளுக்கு வைத்த பெயரே முரசு அஞ்சல். 1990களின் பிற்பகுதியில் டிஸ்கி என்ற குறியாக்கத்தை மின்மடலில் அடித்துப் பேசித்தான் உருவாக்கினார்கள். பிறகு மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று யாஹூ குழுமங்கள் வந்தன. இன்றைய இணைய இதழ்களுக்கு அவை முன்னோடி. 2019 டிசம்பரில் யாஹூ குழுமப் பக்கங்களில் இருந்த கடிதங்களை நீக்கத் தொடங்கியது, அடுத்த வருஷம் குழுமங்களையே மூடியது. தன் கணினியில் நகல் வைத்திருந்தவரிடம் மட்டும்தான் இன்று அவை இருக்கும்.

நகல் இருந்தால் மட்டும் போதாது, திறக்க வேண்டும். டிஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும். ‘கொ’ என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. எனவே மாற்றுகிற நிரல், கொம்பைப் பார்த்ததும் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். கால் வருகிறதா என்றும் எட்டிப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு நிரல் இருக்கு. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளுக்கு அடித்தளமான சி நூலகத்தில், 2002-ல் ப்ரூனோ ஹைபிள் எழுதியது. எந்த எண் எந்த எழுத்து, எதை ஏன் பிடித்து வைக்கிறோம் என்று குறிப்புகளிலேயே சொல்லிக்கொண்டு போகும். டிஸ்கி வழக்கொழிந்து இவ்வளவு காலம் ஆகியும் யாரும் அதைத் தூக்கவில்லை. க்னூஸின் 12,000 வரிக் கோப்பில் எனக்குக் கிடைக்காதது இந்தச் சின்னக் கோப்பில் கிடைத்தது.

பாகான் பக்கம் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் போன வருஷம் என்னிடம் ஒரு குறுந்தட்டு கொடுத்தார். 1999 முதல் 2002 வரை அவர் இருந்த ஒரு மடலாடற்குழுவின் கடிதங்கள், எல்லாம் ஒரே கோப்பில். “திறந்தா கோடு கோடா, மேல புள்ளி வச்ச இங்கிலீசு எழுத்தா வருது தம்பி” என்றார். க்னூஸ் ஒரு கோப்பையே செய்திக்குழுவாகப் பாவித்துத் திறக்கும். திறந்தது. தலைப்பகுதியில் குறியாக்கம் ‘பயனர் வகுத்தது’ என்று மட்டும் போட்டிருந்தது, அதாவது ஒன்றும் சொல்லவில்லை. கடிதங்களை அங்கே பிரித்தெடுத்து, அந்தச் சி நூலகத்து மாற்றியின் வழியே அனுப்பினேன். நானூற்றுச் சொச்சம் கடிதங்கள் தமிழாக வந்தன. ஒரு சிறுகதையைப் பகுதி பகுதியாகப் போடலாமா கூடாதா என்று இரண்டு வாரம் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் தன் பழைய பதிலைப் படித்துவிட்டு, “இவ்ளோ கோவமாவா எழுதுனேன்” என்று கேட்டார்.

மூன்று கடிதம் மட்டும் இன்னும் திறக்கவில்லை. டிஸ்கி இல்லை, வேறேதோ எழுத்துருவின் சொந்தக் குறியாக்கம். எந்த எழுத்துரு என்று கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை.