போடியில் வாங்கிய ஜீப், மடவார் வளாகம் வரை

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தில்தான் மயங்குகிறார்கள். என்னைக் கேட்டால் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே அவசரப்பட வேண்டாம். ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். முன் ஆக்ஸிலில் கிரவுன் உருண்டை இருக்கிறதா, அதற்கும் நடுவிலிருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இடையே புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். தேனி மாவட்டத்தில் 'ஃபோர் வீல்' என்று காட்டப்பட்ட வண்டிகளில் சிலவற்றுக்கு முன் சக்கரத்தைச் சேர்க்கும் லீவர் இருந்தது, ஷாஃப்ட் இல்லை. "கழட்டி வீட்டுல வச்சிருக்கோம்ணே, மைலேஜுக்காக" என்றார் ஒருவர். வீட்டில் தேடினால் கிடைக்குமா என்றதற்குச் சிரித்துவிட்டார்.

ஜீப் தேட தேனிப் பக்கம் போனதற்குக் காரணம் உண்டு. போடியிலும் கம்பத்திலும் விடியற்காலையில் நின்றால் தெரியும். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலை ஏறும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதில் நாள் தவறாமல் ஏறி இறங்கிய வண்டிகள் வெளியே நசுங்கியிருந்தாலும் உள்ளே ஒழுங்காக இருக்கும். ஓட்டுகிறவரின் பிழைப்பே அதில்தான் என்பதால் கிளட்ச் பிளேட்டும் பிரேக் லைனிங்கும் தள்ளிப்போடாமல் மாற்றப்பட்டிருக்கும். ஷோவுக்காக வளர்த்த நகரத்து ஜீப்பில் பெயின்ட் பளபளக்கும். பட்டை ஸ்பிரிங்கின் புஷ் தேய்ந்து கிடக்கும்.

நான் வாங்கியது மஹிந்திரா எம்.எம்.540, 1990-களின் தொடக்கத்து மாடல். தோட்டத்துக்காரர் ஒருவருடையது. மஹிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பொருத்தத் தொடங்கியதிலிருந்து வருகிற வம்சத்தில், 1980-களின் நடுவில் பிறந்த பிள்ளை இது. அதற்கு முந்தைய டீசல் ஜீப்பில் டிராக்டர் இன்ஜினைத்தான் வைத்திருந்தார்கள், இழுக்கும், ஓடாது. எம்.எம்.540-ல் பிரெஞ்சு நிறுவனமான பெஷோவின் எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜின். 2,112 சி.சி., 62 குதிரைசக்தி. இன்றைக்கு ஒரு சின்னக் குடும்பக் காரே இதைவிட அதிக சக்தியோடு வருகிறது என்பதை வாங்கும் முன்பே மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏமாற்றமாக இருக்காது.

இந்த இன்ஜினுக்கு ஒரு குணம். டீசல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதில்லை. பக்கத்தில் ஒரு குட்டி அறையில் எரியத் தொடங்கித்தான் உள்ளே வரும். அதனால் சத்தம் கொஞ்சம் மென்மை. ஆனால் குளிர்ந்த இன்ஜின் ஹீட்டர் பிளக் சூடாகாமல் எடுக்காது. காலையில் சாவியை ஹீட்டருக்குத் திருப்பி, சில விநாடி காத்திருந்து, பிறகுதான் செல்ஃப். பத்து மணிக்கு மேல் வண்டி காட்டுகிறேன் என்று சொல்கிற விற்பனையாளரிடம் இதனால்தான் நான் போகவில்லை. முதல் நாள் இரவே போடியில் தங்கி, விடியுமுன் போய், பானட்டில் கை வைத்துச் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். எடுத்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு தெளிந்தது. நீலப் புகை நின்றுவிடாமல் வந்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறியிருப்பேன்.

மெட்டுச் சாலையில் நாலைந்து வளைவு ஏறிப் பார்த்தோம். நாலே கியர்தான், மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வளைவில் தெரியும். பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்ப முயன்றால் தோள்பட்டை பேசும். வண்டியை ஒரு முழம் நகரவிட்டுத் திருப்பினால் சரியாக வரும். இறங்கும்போது நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பதை மறக்கக்கூடாது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது சாஸ்திரத்துக்காக அல்ல. காலை பிரேக்கில் வைத்தே இறங்கினால் நாலாவது வளைவில் லைனிங் கருகும் வாசனை வரும். அதற்குப் பிறகு பெடல் எவ்வளவு ஆழம் போகும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

அப்புறம் காகிதம். ஜீப் விஷயத்தில் தகரத்தைவிடக் காகிதத்தில்தான் ஓட்டை அதிகம். வட இந்தியாவில் ஹரியானாவின் மண்டி டப்வாலி போல பழைய உறுப்புகளைச் சேர்த்துப் புது ஜீப் கட்டித்தரும் ஊர்களே உண்டு. பார்க்க அழகாக இருக்கும்; ஆர்.சி. வேறொரு வண்டியுடையதாக இருக்கும். நிறுவனம் தந்த அமைப்பை அடிப்படையிலேயே மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே சேஸிஸில் அடித்த எண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் படியுங்கள். இன்ஜின் எண்ணையும். பெஷோ இன்ஜினை இறக்கிவிட்டு வேறு மஹிந்திரா டி.ஐ. இன்ஜின் ஏற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதில் அர்த்தமில்லை, வாங்காதீர்கள்.

பதினைந்து வருடம் ஆன வண்டியை நசுக்கிவிடுவார்கள் என்ற பயம் இன்னும் ஊருக்குள் உலவுகிறது. அந்தக் கெடு இங்கே அரசு வண்டிகளுக்குத்தான். தனியார் வண்டி தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். ஆனால் செலவு ஏறிக்கொண்டே போகிறது. 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்ட் அறிவிக்கையில் 20 ஆண்டு தாண்டிய இலகுரக வண்டிகளுக்கு 10,000 என்றார்கள். இதோடு பசுமை வரி, தேனியிலிருந்து தடையில்லாச் சான்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் பெயர் மாற்றம். விலை பேசும்போதே இதை எல்லாம் கூட்டிக்கொள்ளுங்கள். புதுப்பித்த தேதி சமீபமாக இருக்கிற வண்டிக்கு நான் கூசாமல் கூடுதலாகக் கொடுப்பேன்.

வீடு திரும்பும் வழியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போடிக்கும் எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கும் நடுவே நிற்பது வருசநாட்டு மலை. பறவையாக இருந்தால் கூப்பிடு தூரம். வருசநாட்டிலிருந்து பிளவக்கல் பக்கம் கிழவன்கோயிலுக்கு மலைவழிச் சாலை போட வேண்டும் என்று இரு மாவட்டத்திலும் தலைமுறையாகக் கேட்கிறார்கள். 2021-ல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாகிவிட்டது. ஃபோர் வீல் வண்டி கையில் இருந்தால் இப்படியே ஏறிப் போய்விடலாமா என்று ஒரு சபலம் எல்லோருக்கும் வரும். எனக்குத் தெரிந்த இளவட்டங்கள் வாய்விட்டே கேட்கிறார்கள். கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி நுழைப்பது குற்றம். அதற்கும் மேலே, ஒரு வண்டி போன தடம்தான் அடுத்த மழையில் ஓடையாகி மண்ணை அரிக்கும். ஆக, மலை ஏறவென்றே பிறந்த வண்டியை மலையைச் சுற்றித் தார் ரோட்டில் ஓட்டி வந்தேன்: தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அந்த லீவரைத் தொடக்கூட வேலை வரவில்லை.

ஆனால் தார் ரோடுதான் பழைய ஜீப்பின் உண்மையைச் சொல்லும். ஆண்டிபட்டிக் கணவாயில் பக்கக் காற்று அடித்தபோது ஸ்டியரிங்கில் எவ்வளவு 'பிளே' என்பது புரிந்தது. இடது வலமாக அரை அங்குலம் சும்மாவே ஆடிக்கொண்டு, நேராகப் போக நேராகப் பிடிக்கக் கூடாது என்கிற நிலை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சந்தோஷமாக ஓடுகிறது. அறுபதைத் தொட்டு ஒரு குழியில் விழுந்தால் முன் சக்கரம் இரண்டும் உதறத் தொடங்கி ஸ்டியரிங் கையைவிட்டுத் துள்ளுகிறது. பதறிப் பிரேக் அடிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், அடங்கும். காரணம் கிங்பின் பேரிங் தேய்மானம், டை ராடு முனைகள், டயர் பேலன்ஸ் மூன்றில் ஏதோ ஒன்று, பெரும்பாலும் மூன்றும். ராஜபாளையத்து மெக்கானிக் முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "கிங்பின்ல ஷிம் போட்டுத் தர்றேன் சார், அறுபதுக்கு மேல நீங்களும் ஆசைப்படாதீங்க" என்றார். இரண்டும் பலித்தது.

டி.கல்லுப்பட்டியில் திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் ஏறியதும் செங்கோட்டை வழியாகக் கேரளம் போகிற லாரிகளின் ராஜ்யம். பின்னால் வருகிறவருக்கு நாம் தொல்லை. இடது ஓரமாகவே வந்தேன். கதவு இல்லாத வண்டியில் லாரிப் புகை நேரே மடியில் உட்காரும். தார்ப்பாய்க் கூரை வெயிலை நிறுத்தும், வெக்கையை நிறுத்தாது. கியர் பெட்டிச் சூடு கணுக்காலில். சக்கரம் நான்கிலும் பட்டை ஸ்பிரிங் என்பதால் குலுக்கலுக்கும் குறைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் பூஜை முடிந்த செய்தி மதுரைக்கு எட்ட, திருமலை நாயக்கர் வழிநெடுக மண்டபம் கட்டி நகரா அடிக்க வைத்தார் என்பது இந்தப் பக்கத்துக் கதை. அவருக்கே தீராத வயிற்று வலி வந்து, மடவார் வளாகம் வைத்தியநாதர் சன்னிதியில் தீர்ந்தது என்பது எங்கள் ஊர்க் கதை. அவர் மட்டும் இந்த ஜீப்பில் வந்திருந்தால் வலி கிருஷ்ணன்கோவிலிலேயே இரட்டிப்பாகியிருக்கும். டீசல் கணக்கைச் சொன்னால், லிட்டருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு. வேகத்தைக் குறைத்தால்தான் பன்னிரண்டு.

லீவருக்கு வேலை வந்தது வீட்டுக்கு வந்த பிறகு. மடவார் வளாகத்திலிருந்து மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்குப் போகிற பாதைகள் ஓடைகளைக் கடந்துதான் போகின்றன. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வந்து வடிந்தபின் படுகையில் நெகிழ்ந்த மணலும் உருண்டைக் கற்களும். இரு சக்கர இழுவையில் பின் டயர் மணலை வாரி எறிந்து தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. இரண்டு குட்டி லீவர்களில் ஒன்றைத் தள்ளினால் முன் ஆக்ஸில் சேர்ந்துகொள்ளும். மற்றதை இழுத்தால் லோ. அதில் சக்கரம் இரண்டரை மடங்கு மெதுவாகச் சுழலும், இழுவை அதே அளவு கூடும். இரண்டாவது கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை விட்டேன். மேடேறித் தானாக வெளியே வந்தது. 62 குதிரைசக்தி போதுமா என்ற கேள்வி அந்த இடத்தில் யாருக்கும் தோன்றாது. இறக்கத்திலும் இதே லோ தான் பிரேக். பெடலுக்கு வேலையே இல்லை.

ஆனால் கெட்டித் தரைக்கு வந்ததும் லீவரைத் திருப்பிவிட வேண்டும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள்கின்றன. நடுவில் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள ஏற்பாடு இல்லாத வண்டி இது. மணலில் டயர் வழுக்கிச் சமாளிக்கும்; தாரில் வழுக்க முடியாமல் மொத்த முறுக்கும் கியருக்குள் ஏறும். லீவர் வெளியே வராமல் அடம்பிடித்தால் உதைக்காதீர்கள். ரிவர்ஸில் இரண்டடி போனால் முறுக்கு அவிழ்ந்து தானாக வரும்.

ஊருக்குக் கிழக்கே கரிசல் காட்டில் கதை வேறு. மழையில் ஊறிய கரிசல் டயரின் பல் இடுக்கை அப்பி நிரப்பிவிட்டால் நாலு சக்கரமும் வழவழப்பான உருளைதான். முன்னே ஒரு சக்கரமும் பின்னே ஒரு சக்கரமும் சுழன்றால் மற்ற இரண்டும் சும்மா நிற்கும். இந்த ஜீப்பின் கிரவுனில் அதைத் தடுக்கும் பூட்டு கிடையாது. அங்கே காப்பாற்றுவது லீவரல்ல, அகலப் பல் வைத்த டயர். நண்பர் ஒருவரின் 2015-க்குப் பிந்தைய மஹிந்திரா 'தார்' வண்டியில் பின் ஆக்ஸிலுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிப்ரன்ஷியல் உண்டு. அதே சேற்றில் அவர் முணுமுணுக்காமல் போனார், நான் டிராக்டருக்குப் போன் பண்ணினேன்.

யார் வாங்கலாம்? ஓடைக்கு அப்பால் தோப்பு இருப்பவர்கள், காய் ஏற்றவும் உர மூட்டை கொண்டு போகவும் இரண்டாவது வண்டி தேவைப்படுகிறவர்கள், மெக்கானிக் கடை பக்கத்தில் இருப்பவர்கள். ராஜபாளையத்தில் இன்னும் இந்த ஜீப்புக்குக் கை வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் அடுக்குமாடியில் குடியிருப்பவர் இதை வாங்கி என்ன செய்வார் என்று எனக்குப் புரியவில்லை. குழந்தைகளை வைத்து மதுரைக்குப் போய்வர இது வண்டியே இல்லை: ஏர்பேக் இல்லை, பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் பெல்ட் இல்லை. கையில் கூடுதலாகப் பணமிருந்து ஒரே வண்டிதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் 2010-க்குப் பின் வந்த தார் சி.ஆர்.டி.இ. 4x4 தேடுங்கள். பவர் ஸ்டியரிங் இருக்கிறது, 105 குதிரைசக்தி இருக்கிறது. அதிலும் முதலில் அடியில் படுத்துப் பாருங்கள். கடலோர வண்டி என்றால் சேஸிஸில் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேளுங்கள்.

என் ஜீப்புக்கு அடுத்த வேலை ஐப்பசி மழைக்கு முன் டயர் மாற்றுவது. கதவு போடச் சொல்லி வீட்டில் ஒரு கட்சி. அது பெயின்ட் செலவோடு சேர்ந்து அடுத்த வருடத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.