இடுகுறியை இட்டது யார்?

தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் ஊரார் கேட்டு வருவது இரண்டே விஷயங்களுக்குத்தான்: பிள்ளைக்குப் பேர், கல்யாணப் பத்திரிகைக்குப் பிழைதிருத்தம். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கம்பெனிக்குப் பேர்.

பாலக்கரை ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இரண்டு பையன்கள் (பழக்கத்தில் பையன்கள் என்கிறேன், இருவருக்கும் இருபத்தைந்து தாண்டிவிட்டது) மென்பொருள் ஒன்று எழுதியிருக்கிறார்கள். மளிகைக்கடை, இரும்புக்கடை வைத்திருப்பவர்கள் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம், எவ்வளவு வந்தது என்பதைக் கைபேசியில் பேசியே பதிந்துகொள்ளலாம். அரசாங்கத் தமிழில் இது ‘புத்தொழில்’, அவர்கள் வாயில் ‘ஸ்டார்ட்அப்’. வேலை முடிந்துவிட்டது, பேர்தான் இல்லை. “நல்ல தமிழ்ப் பேரா ஒண்ணு சொல்லுங்கண்ணே” என்றார்கள்.

நான் அதிகம் யோசிக்கவில்லை. ‘சிட்டை’ என்றேன். கடைக்காரர் அன்றாட வரவுசெலவை முதலில் எழுதிவைக்கும் ஏடு. சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு, பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கு என்று கணக்கு நகரும். கடைக்காரருக்கு விளக்கவுரை வேண்டாத சொல். பையன்களுக்கும் பிடித்திருந்தது. அவர்களுடைய ஆடிட்டருக்குப் பிடிக்கவில்லை. “செய்யற வேலையையே சொல்ற பேருக்கு டிரேட்மார்க் கிடைக்காது. அர்த்தமே இல்லாம ஒண்ணு வைங்க” என்றாராம்.

ஆடிட்டர் சொன்னது சட்டப்படி சரி. 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம், 9ஆம் பிரிவில், சரக்கின் வகை, தரம், பயன் இவற்றை மட்டுமே சுட்டும் சொல்லைப் பதிய மறுக்கிறது. இதில் ஒரு நியாயமும் உண்டு. ‘அரிசி’ என்ற சொல்லை ஒரு அரிசி வியாபாரி பட்டா போட்டுக்கொண்டால் மற்றவர் எதைச் சொல்லி விற்பார்? பொதுச்சொல் பொதுவிலேயே கிடக்கட்டும் என்கிறது சட்டம். ஆனால் அதன் மறுபக்கம் என்னவென்றால், உடைமையாக வேண்டுமானால் சொல் தன் பொருளைக் கைகழுவிவிட்டு வர வேண்டும். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் எந்த மொழியிலும் இல்லாத ‘கோடக்’ என்ற ஒலியைப் பதிவு செய்ததிலிருந்து இதுதான் கதை. பொருள் வேறு வகையிலும் காலைக் கட்டும். சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், வாடிக்கையாளர் உதவிக்கான மென்பொருளோடு நிற்காமல் வேறு சரக்குகளும் விற்கத் தொடங்கிய பிறகு 2017இல் ‘டெஸ்க்’கை உதறி ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆயிற்று. 1996இல் தொடங்கி அட்வென்ட்நெட் என்ற பெயரில் வளர்ந்த கம்பெனி 2009இல் ஸோஹோ ஆயிற்று. சிறு அலுவலகம், வீட்டு அலுவலகம் என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கத்தில் முதலெழுத்தை மட்டும் மாற்றியது என்பார்கள். மாற்றிய அந்த ஓரெழுத்தில்தான் சொல் பொருளிலிருந்து கழன்றுகொள்கிறது.

நன்னூல் படித்தவர்களுக்கு இது பழைய விஷயமாகத் தோன்றும். பெயரை இடுகுறி, காரணம் என்று பிரித்தவர்கள் நாம். காரணப்பெயர் ஏன் வந்தது என்று கேட்டால் பதில் உண்டு. இடுகுறிக்கு இல்லை, முன்னோர் இட்டது, அவ்வளவுதான். குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இயற்கையான உறவேதும் கிடையாது என்று சசூர் சொன்னபோது நம் தமிழாசிரியர்கள் ‘இதைத்தானே நாங்களும்’ என்று மார்தட்டிக்கொண்டார்கள். ஆனால் நன்னூலார் இடுகுறிக்கும் ஆடிட்டர் இடுகுறிக்கும் ஒரு மலையளவு வித்தியாசம் இருக்கிறது. ‘மரம்’ என்ற இடுகுறியை இட்டவர் யாரென்று தெரியாது; தெரியாததால்தான் அது எல்லோருக்கும் சொந்தம். தனியொருவர் தன் விருப்பத்துக்கு அதை மாற்ற முடியாது என்று சசூரும் வலியுறுத்தினார். வணிகக் குறியிலோ இட்டவனின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் இருக்கிறது. இடுகுறித்தன்மை ஒரு சமூகத்தின் பொது ஒப்பந்தமாக இருந்தது போய், ஒரு ஆளின் சொத்துப் பத்திரமாகிறது.

அதோடு 9ஆம் பிரிவின் வாலில் ஒரு விதிவிலக்கு தொங்குகிறது. பொருள் சுட்டும் சொல்லாகவே இருந்தாலும், தொடர்ந்த பயன்பாட்டால் அது தனித்தன்மை பெற்றிருந்தால் பதியலாம். அதாவது, ஊரெல்லாம் உன்னை நினைத்துக்கொண்டே அந்தச் சொல்லைச் சொல்லும்படி செய்ய உன்னிடம் காசும் காலமும் இருந்தால் பொதுச்சொல்லும் உனக்கே. ‘ஜன்னல்கள்’ என்பது கணினித் திரையின் பொதுச்சொல்தானே என்று லிண்டோஸ் என்ற சிறு கம்பெனி அமெரிக்க நீதிமன்றத்தில் வாதிட்டபோது, வழக்குப் போட்ட மைக்ரோசாஃப்ட் தீர்ப்பு வரைக்கும் போகவில்லை. 2004இல் 2 கோடி டாலர் கொடுத்து அந்தப் பெயரைக் கைவிட வைத்தது. ஒரு சாதாரணச் சொல்லின் மேல் பிடி தளராதிருக்க அவ்வளவு விலை.

தமிழுக்கு இந்தச் சந்தையில் என்ன இடம்? ஸோஹோ 2021இல் தன் செய்திச் செயலிக்கு ‘அரட்டை’ என்று பெயர் வைத்தது. ‘உரையாடல்’ என்று மேடைத்தமிழில் வைக்காமல், வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்வதாகப் பெரியவர்கள் திட்டும் சொல்லை எடுத்தது துணிச்சல், ஒப்புக்கொள்கிறேன். 2025 செப்டம்பரில் நாடு முழுக்க அது பரவியபோது, வடக்கே வாயில் நுழையவில்லை, பெயரை மாற்றுங்கள் என்று யோசனைகள் வந்தன. நமக்கு ரோஷம் வந்தது. ஆனால் கவனியுங்கள், நமக்குக் காரணப்பெயராக இருக்கும் அதே சொல் விந்தியத்துக்கு அப்பால் சுத்த இடுகுறி. தமிழ் உள்ளே போவது பொருளாக அல்ல, ஒலியாக. புரியாமையே அதன் நுழைவுச்சீட்டு.

2023இல் வந்த அவர்களுடைய உலாவி ‘உலா’ இன்னும் சுவையானது. பயனர் உலவும் தடத்தை யாரும் வேவு பார்க்காமல் காப்பது அதன் விற்பனைச் சரக்கு. சிற்றிலக்கியத்தில் உலா என்றால் என்ன? தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குவார்கள். விக்கிரமசோழனோ குலோத்துங்கனோ ஒட்டக்கூத்தரின் உலாவில் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை, பார்க்கப்பட்டால் போதும். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் பெருமாள் புறப்பாட்டைப் பார்க்க நிற்பவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். பார்வையிலிருந்து தப்பிக்க ஒரு கருவி, அதற்குப் பார்க்கப்படுவதையே இலக்கணமாகக் கொண்ட இலக்கிய வகையின் பெயர்! அகராதியில் ‘உலா’ என்றால் சுற்றித் திரிதல் என்றும் இருக்கிறது, அந்தப் பொருளைத்தான் எடுத்தார்கள் என்பது எனக்கும் தெரியும். இலக்கிய நினைவு கழிந்த சொல்தான் சந்தைக்கு வசதி.

இத்தனையையும் அந்த மாடியறையில் சொல்லி முடித்தேன். சிட்டையை விடாதீர்கள், வெற்றுச் சொல்லுக்குப் பொருள் ஏற்ற விளம்பரக் காசு வேண்டும், சிட்டைக்கு மொழியே அதை இலவசமாகக் கொடுத்திருக்கிறது என்றெல்லாம் பேசினேன். இருவரில் ஒருவன் அதுவரை பேசவேயில்லை. மெதுவாகச் சொன்னான்:

“சிட்டை நல்ல சொல்லுதாண்ணே. எங்க அப்பாயி பேரு அதுலதான் இருந்துச்சு. என்ன எழுதிருக்குன்னு அதுக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு மட்டும் வைக்கும்.”

நான் கடைக்காரனின் பக்கத்திலிருந்து மட்டுமே அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு அது வேறு பிரதி. நான் மரபு என்று மெச்சியது அவன் வீட்டில் தீராத கடன். அவன் மேலும் சொன்னான்: “பாலக்கரைன்னா எந்தத் தெருன்னு அடுத்துக் கேப்பாங்க. கம்பெனிப் பேருலயாவது ஒண்ணும் தெரியாம இருக்கட்டுமேண்ணே.” 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டச் சொன்னார்கள். வெட்டிய இடத்தில் ஊரும் தெருவும் முளைத்தன. பொருளற்ற பெயரை மூலதனத்தின் தந்திரம் என்று மட்டும் வாசித்த எனக்கு, அது ஒருவனுக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருக்கும் என்பது உறைக்கவில்லை. இதனால் மேலே எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. வெறுமை எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை என்பது உண்மை. பொருளும் அப்படித்தான் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

கடைசியில் அவர்களே ஒன்று கட்டினார்கள். இரண்டு அம்மாக்களின் பெயரிலிருந்தும் ஓரசை. வெளியாட்களுக்கு இடுகுறி, அவர்களுக்குக் காரணம். (பெயரைச் சொல்லப்போவதில்லை, விளம்பரமாகிவிடும்.) படிவத்தில் ஆங்கில எழுத்தில் நிரப்பி அனுப்பி, ஒப்புதலும் வந்துவிட்டது. இருபது நாளைக்குள் மற்ற காகிதங்களைக் கொடுக்க வேண்டும். அதற்குள் பெயர்ப்பலகைக்குப் போனோம். கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி பலகையில் தமிழ் இருந்தாக வேண்டும். ஃபிளெக்ஸ் கடையில் தட்டச்சு செய்த பெண் கேட்டார்: “ரெண்டு சுழி னவா, மூணு சுழி ணவா?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவன் அம்மாவுக்குப் போன் போட்டான்.