தந்தை கையொப்பத்துக்கு ஒரு கட்டம்

வடசென்னைப் பங்கு ஒன்றில் மறைக்கல்வி ஆண்டு விழா. நடனம், நாடகம், விவிலிய வினாடி வினா எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு கேடயம் கொடுத்தார்கள். ‘முழு வருகைக் குடும்பம்’ என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. ஆண்டு முழுக்க ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் குடும்ப மறைக்கல்விக்கு வந்த அப்பா, அம்மா, மகன், மகள் நால்வரும் மேடையேறி வாங்கிக்கொண்டார்கள். நானும் கைதட்டினேன். நல்ல குடும்பம், அவர்கள்மேல் எனக்கொரு வருத்தமும் இல்லை. பிறகு பேசிய சிறப்பு விருந்தினர்தான், மனமிருந்தால் எல்லாக் குடும்பமும் இப்படி வரலாம், நேரமில்லை என்பது சாக்கு என்றார். எனக்குப் பின்வரிசையில் ஓர் அம்மா, “அவருக்கு இன்னா, சொல்ட்டு பூடுவாரு” என்று முணுமுணுத்தார்.

பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு நடத்தாமல் வீட்டாரையும் சேர்த்து உட்காரவைக்கும் இந்த முறை இப்போது பல பங்குகளில் பேச்சாக இருக்கிறது. அதன் நியாயம் எனக்கும் தெரியும். குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே சொல்லிவிட்டது. வீட்டில் நடக்கும் போதனை மற்றெல்லாப் போதனைக்கும் முந்தியது என்று 1979-இல் இரண்டாம் ஜான் பால் எழுதினார். பிள்ளையைக் கோயில் வாசலில் பைக்கிலிருந்து இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை டீக்கடையில் தினத்தந்தி படிக்கும் அப்பாக்களை நானும் பார்த்திருக்கிறேன். உறுதிபூசுதல் முடிந்த மறு ஞாயிறே காணாமல் போகும் பையன்களையும்தான். ஒரு குடும்ப வகுப்பில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் எழுந்து, “எந்தம்பி ஞானஸ்நானம் வாங்காமலே செத்துட்டான் பாதர், அவன் எங்க இருப்பான்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி சிறுவர் வகுப்பில் வந்திருக்காது. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் குறை இந்த முறையோடு வரும் வருகை அட்டை பற்றியது.

மஞ்சள் அட்டை, ஞாயிறுக்கு ஒரு வரி. தேதி, மாணவர் வருகை, தாய் கையொப்பம், தந்தை கையொப்பம் என்று கட்டம் போட்டிருக்கும். முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளை என்றால் இத்தனை வாரத்துக்குக் குறையாமல் பெற்றோர் கையொப்பம் இருக்கவேண்டும். மறைக்கல்வி வகுப்பில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு சிறுமியின் அட்டை என் கைக்கு வந்தது. தந்தை கட்டத்தில் ஒன்றுமே இல்லை. தாய் கட்டத்தில் இரண்டு கையெழுத்து, பிறகு ஐந்தாறு வாரத்துக்கு நீல மையில் பெருவிரல் ரேகை. ரேகைக்குப் பக்கத்தில் யாரோ சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு ‘பெற்றோர் வரவும்’ என்று எழுதியிருந்தார்கள். கேட்டதற்கு, “அப்பா கடலுக்குப் போய்க்கிறாரு டீச்சர், அம்மா மார்க்கெட்ல. ஆயாதான் வந்துச்சு” என்றாள்.

ஆயா வந்திருந்தார், வகுப்பு முழுக்க இருந்திருந்தார். ஆனால் அட்டையில் ஆயாவுக்குக் கட்டம் இல்லை.

அந்த அட்டையை அச்சடித்தவர் மனத்தில் ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. அதற்கு ஞாயிறு விடுமுறை. அப்பா அம்மா இருவரும் ஒரே கூரையின்கீழ், ஒரே ஞானஸ்நானத்தில். காலைத் திருப்பலி முடிந்தபின் அவசரமாகப் போக வேறு இடமில்லை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. ஆனால் பங்கின் கணக்குப் புத்தகத்தை அவர்களை மட்டும் வைத்து எழுதிவிட முடியாது.

ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு போய்ப் பாருங்கள். சென்னையே அன்றைக்குத்தான் மீன் வாங்க வருகிறது. ஏலம் எடுப்பவர், ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், அரிவாள்மணையில் மீன் வெட்டித் தருபவர் என்று அத்தனை பேரும் வாரத்தில் நாலு காசு பார்ப்பது அந்த அரை நாளில்தான். கோயிலில் மறைக்கல்வி மணி அடிப்பதும் அதே நேரத்தில். விசைப்படகில் போகிறவர் கரை திரும்பப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். மணலி, எண்ணூர் ஆலைகளில் ஷிப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். காண்டிராக்ட் தொழிலாளிக்கு ஞாயிறு லீவு என்றால் ஞாயிறு கூலியும் லீவு. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நிற்கும்போது டிரைவர் வண்டியை விட்டு இறங்க முடியாது. இவர்களிடம் போய் நேரமில்லை என்பது சாக்கு என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

கலப்புத் திருமணம் செய்துகொண்ட வீடுகளைப் பற்றி அட்டை பேசவே இல்லை. அம்மா கத்தோலிக்கர், அப்பா ஆடிக்குக் கூழ் ஊற்றுகிறவர். மகளைக் கோயிலுக்கு அனுப்ப அவருக்கு மறுப்பில்லை, உள்ளே வந்து உட்காரத்தான் கூச்சம். அவர் கட்டம் வாரா வாரம் காலியாகக் கிடப்பதை வகுப்பில் எல்லாரும் பார்க்கிறார்கள். அவர் மகளும் பார்க்கிறாள்.

‘கட்டாயம் ஒன்றுமில்லை, ஊக்கப்படுத்தத்தான்’ என்பார்கள். புதுநன்மையைக் கையொப்பத்தோடு முடிச்சுப் போட்ட பிறகு ஊக்கம் எங்கிருந்து வருகிறது? 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 914-ஆம் பிரிவு, புத்தி தெரிந்த பிள்ளைகள் தக்க தயாரிப்போடு விரைவில் நற்கருணை வாங்கும்படி பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு, பங்குத்தந்தையின் பொறுப்பும்கூட என்கிறது. தயாராக வேண்டியது பிள்ளை. அப்பா எத்தனை ஞாயிறு வந்தார் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. நாம் கேட்கிறோம். கோயில் வாசலில் இன்னும் கைரேகை மிஷின் வைக்கவில்லை, அவ்வளவுதான் பாக்கி.

காலிக் கட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சிறுமிக்குச் சிலுவை போடக் கற்றுக்கொடுத்தது யார்? தவக்காலத்து வெள்ளிக்கிழமை கவிச்சி ஆகாது என்று வீட்டில் நிறுத்துவது யார்? காற்று மழையில் படகு திரும்பாத இரவுகளில் ஜெபமாலையைக் கையில் எடுப்பது யார்? எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஆயாதான். இந்தப் பகுதியில் குடும்ப மறைக்கல்வி காலங்காலமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நடத்துகிறவரை நாம் பெஞ்சில் மாணவியாக உட்காரவைத்து, பிறகு அவர் பெற்றோர் இல்லை என்று வட்டம் போடுகிறோம்.

உட்கார்ந்த இடத்திலும் அவருக்குத் திருத்தம்தான். ஆயா ‘பிதா’ என்பார், புத்தகத்தில் ‘தந்தை’. ஆயாவுக்கு ராயப்பர், அருளப்பர், சின்னப்பர். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அவர்கள் பேதுரு, யோவான், பவுல். பிற சபையாரோடு ஒரே விவிலியம் வாசிக்க ஏற்ற மாற்றம் அது, குறை சொல்லமாட்டேன். ஆனால் ராயபுரத்துப் பிள்ளை ஒன்று, ராயப்பரும் பேதுருவும் அண்ணன் தம்பியா என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளையின் ஊர்ப்பெயரே ராயப்பரிடமிருந்து வந்தது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெயர் வந்த ராயப்பர் கோயிலை 1820-களில் கட்டியவர்கள் படகுக்காரர்கள். துறைமுகம் இல்லாத காலத்தில், நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள். உழைத்த காசில் சேர்த்த மகமைப் பணம் சுவராக எழுந்தது. எந்த வகுப்பிலும் கையொப்பம் போட்டு அந்த விசுவாசம் அவர்களுக்கு வந்திருக்காது.

இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். பாட்டி சொல்வது வெறும் பழக்கம், பொருள் தெரிந்து கற்பதுதான் கல்வி. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஓரளவுக்கு. நேர்ச்சைக்கும் பரிகாரத்துக்கும் வேற்றுமை தெரியாத வீடுகள் உண்டு. ஆனால் முத்துக்குளித்துறையில் 1540-களில் சவேரியார் செய்ததை நினைத்துப் பார்க்கலாம். தெருவில் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டினார், தமிழில் பெயர்த்து வைத்திருந்த ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்தார், வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லித்தரச் சொல்லி அனுப்பினார். பரதவர் எந்த நேரம் கரையில் இருப்பார்கள் என்ற கவலையை அந்தப் பிள்ளைகள் தீர்த்துவைத்தார்கள். அன்றைக்குப் பாடம் வீட்டைத் தேடிப் போனது. இன்றைக்கு வீடு பாடத்தைத் தேடி வரவேண்டும், அதுவும் எட்டரை மணிக்குள்.

இவ்வளவுக்கும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தெருவுக்குத் தெரு அன்பியம் என்ற அக்கம்பக்கத்து ஜெபக் குழு இருக்கிறது. இருபது முப்பது வீடு, சாயங்காலம், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. அங்கே நடத்தினால் ஆலைக்காரர் பாதிப் பேராவது வருவார்கள், கூழ் ஊற்றுகிற அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரராக வந்து நிற்பார். நான் சொல்லிப் பார்த்தேன். அட்டையை அங்கே யார் சரிபார்ப்பது என்று கேட்டார்கள்.

காலண்டரையாவது புரட்டிப் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். விசைப்படகுகள் அத்தனையும் காசிமேட்டில் கட்டிக்கிடக்கும். அப்பாக்கள் வலை பின்னிக்கொண்டு, படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டு, மாலையில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில்தான் இருப்பார்கள். வருஷத்தில் இரண்டு மாதம் அந்த வீடுகளில் குடும்பம் முழுசாக இருக்கிறது. அந்த இரண்டு மாதமும் மறைக்கல்விக்குக் கோடை விடுமுறை. பள்ளிக்கூடத்துக்கு லீவு என்பதால் இதற்கும் லீவு.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடியும். ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு படகுகள் கிளம்பும். அதற்கடுத்த ஞாயிறுகளில் ஒன்றில் மறைக்கல்வி ஆண்டின் தொடக்கத் திருப்பலி, முடிந்ததும் வகுப்பில் புது மஞ்சள் அட்டை கொடுப்பார்கள்.