நனைக்கக் கூடாதது எது?

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் நாலு வீடு ஏறி இறங்கினால் போதும், சோபா, கார்பெட் சுத்தம் செய்யும் தொழிலின் பாடம் முழுக்கக் கிடைத்துவிடும். மிஞ்சியிருக்கும் பழைய பங்களாவில் தேங்காய் நார் திணித்த ஈட்டி மரச் சோபா, அதன் காலடியில் காஷ்மீரத்துக் கம்பளி விரிப்பு. பக்கத்து பங்களாவை இடித்து எழுப்பிய அடுக்ககத்தில் பாலியெஸ்டர் துணி போர்த்திய எல் வடிவ சோபா. கூடவே, ‘பேம்பூ சில்க்’ என்று சொல்லிக் கடைக்காரர் தலையில் கட்டிய பளபளப்பான விரிப்பு. எதிர்வீட்டில் பவானி ஜமக்காளம். இத்தனைக்கும் ஒரே எந்திரம், ஒரே ஷாம்பூ என்று கற்றுக்கொண்டு வருகிற பையன்களைத்தான் இப்போது அதிகம் பார்க்கிறேன்.

அதற்கு விலை கொடுத்தவன் நான். எங்கள் வீட்டுக் கம்பளி விரிப்புக்கு ஷாம்பூ போட வந்த பையனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரத்துக்கு வந்தான், செருப்பை வாசலில் விட்டான், தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்தான். மறுநாள் காலையில் பார்த்தால் சிவப்புப் பூக்களின் சாயம் வெள்ளைக் கரைக்குள் வழிந்திருந்தது. நனைத்த வெள்ளைத் துணியை ஒரு மூலையில் கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்திருந்தால், சாயம் போகுமா போகாதா என்று தெரிந்திருக்கும். எங்கே கற்றாய் என்று கேட்டேன். எந்திரம் வாங்கிய இடத்தில் ஒரு மதியம் சொல்லிக் கொடுத்தார்களாம்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலருக்கு முதலில் கிடைப்பது அந்த மதியம்தான். அதில் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். வடிகட்டியை எப்போது கழுவுவது, அழுக்குத் தண்ணீர்த் தொட்டியில் நுரை பொங்கினால் என்ன செய்வது, எல்லாம் விற்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் அங்கே செயல்விளக்கத்துக்கு எடுத்துக்கொள்வது எதற்கும் அசையாத செயற்கை இழைச் சோபா. கண்ணாடிக் குழாயில் கறுப்புத் தண்ணீர் ஏறி வருவதைப் பார்த்ததும் பையனுக்கும் நம்பிக்கை வந்துவிடுகிறது, பிற்பாடு வாடிக்கையாளருக்கும் வந்துவிடுகிறது. உள்ளே தங்கியது குழாயில் தெரிவதில்லை. பெங்களூரின் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினம்; சோப்பு சரியாக அலசிப் போகாது. தங்கிய சோப்பு பிசுபிசுத்து, வாரக்கணக்கில் புது அழுக்கைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்ட் ஈரத்தில் சாயங்காலத்துக்குள் காயாத குஷன் மறுநாள் நாறும். பழைய சோபாவின் தேங்காய் நார் நனைந்தால், காயும்போது அதன் பழுப்பு துணிவரை ஏறி வரும். இதையெல்லாம் பார்க்க மறுநாள் அந்தச் சோபாவருகே நிற்க வேண்டும்; பயிற்சியோ முந்தின நாளே முடிந்திருக்கும்.

அடுத்தது செயலி நிறுவனங்களின் பயிற்சி. 2014இல் தொடங்கிய அர்பன் கம்பெனி போன்றவை தாங்களே ஆட்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகின்றன. ஒழுங்கு, பேச்சு, சீருடை, ஒரே மாதிரியான மருந்துகள் என்று பார்த்தால் தெருமுனைத் தொழிலில் இல்லாத ஒரு தரம் அங்கே இருக்கிறது. சிக்கல் நேரத்தில் வருகிறது. ஜெர்மனியின் ஹெங்கெல் நிறுவனத்தில் இருந்த ஹெர்பெர்ட் சின்னர் 1959இல் ஒரு எளிய வட்டம் வரைந்தார்: மருந்து, சூடு, தேய்ப்பு, நேரம். நான்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டித்தான் ஆக வேண்டும். அடுத்த வீட்டு புக்கிங் காத்திருக்கும்போது கையில் நேரம் இருக்காது. அப்போது மருந்தின் காரமும் தேய்க்கிற வேகமும் கூடும். பாலியெஸ்டர் பொறுத்துக்கொள்ளும். கம்பளி பொறுக்காது, காரம் அதன் இழையைக் கெடுக்கும், தேய்த்தால் சுருண்டு திரளும்.

பிறகு சான்றிதழ். 1972இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐஐசிஆர்சி என்ற அமைப்பு இந்தத் தொழிலில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். கார்பெட்டுக்குத் தனியாக, சோபாத் துணிக்குத் தனியாகப் பாடமும் தேர்வும் உண்டு. மற்ற இடங்களில் கிடைக்காதது இங்கே கிடைக்கும்: இழை எது, கறை அமிலத்துக்கு இளகுமா காரத்துக்கு இளகுமா என்று காரணத்தோடு கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் அது வளர்ந்தது சுவருக்குச் சுவர் செயற்கைக் கார்பெட் ஒட்டிய வீடுகளின் நாட்டில். அங்கே சோபாவின் அடியில் துணிச்சீட்டு இருக்கும். தண்ணீர் படலாமா, கரைப்பான் மட்டும்தானா, வேக்யூம் தவிர எதுவும் கூடாதா என்பதற்கு ஓரெழுத்துக் குறி போட்டிருப்பார்கள். சிவாஜிநகர்ப் பக்கம் துணி எடுத்து, தெரிந்த ஆசாரியிடம் தைத்து வாங்கிய சோபாவில் எந்தச் சீட்டைத் தேடுவது? சான்றிதழ் வாங்கியவன் முதல் நாளே திணறுவது இந்த இடத்தில்தான்.

சீட்டு இல்லாத ஊரில் நூலைத்தான் கேட்க வேண்டும். உள்மடிப்பில் ஒரு இழையை உருவி, வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சி காட்டினால் அது பேசும். முடி கருகும் வாடை வந்தால் கம்பளியோ பட்டோ. காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலானால் பருத்தி, அல்லது விஸ்கோஸ். உருகி, கெட்டி மணியாகத் திரண்டால் செயற்கை. ‘பேம்பூ சில்க்’ என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ்தான். நனைந்தால் வலு இழக்கும், மஞ்சள் பூக்கும், பளபளப்பு திரும்பி வராது. அதை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனே இந்தத் தொழிலில் தேர்ந்தவன். கம்பளியில் கறை போகவில்லை என்று வீட்டு பிளீச்சை எடுக்கிறவன் கறையோடு கம்பளியையும் கரைத்துவிடுவான்.

ஆகவே பயிற்சி தேடுகிறவன் என்னிடம் கேட்டால், கட்டணத்தையும் சான்றிதழ்த் தாளையும் பார்க்கும் முன் ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: “எதையெல்லாம் நனைக்கக் கூடாது என்று எத்தனை மணி நேரம் சொல்லிக் கொடுப்பீர்கள்?” பதிலுக்கு எந்திரத்தின் வாட் கணக்கு வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

எடுபிடியாகச் சேருவதை இந்தக் காலத்தில் யாரும் பயிற்சிக் கணக்கில் வைப்பதில்லை. எனக்கு அதன் மேல்தான் சாய்வு. பத்து வருஷம் வேலை பார்த்தவரோடு ஆறு மாதம் வாளி தூக்கினால், கெட்டுப்போன சோபாவுக்கு வீட்டுக்காரர் என்ன கேட்பார், எவ்வளவு தள்ளுபடியில் சமாதானமாவார் என்பது வரை தெரிந்துவிடும். எந்த வகுப்பிலும் இது கிடையாது. ஆனால் குருவின் தப்பும் சேர்ந்தே வரும். இருபது வருஷமாகத் துணி துவைக்கும் பவுடரையே போட்டவரிடம் கற்றவன் அடுத்த இருபது வருஷம் அதையே போடுவான். அதனால் முதலில் எடுபிடி, பிறகு சான்றிதழ்ப் பாடம் என்று வரிசை வைத்துக்கொள்வது நல்லது. வாளி தூக்கியவன் வகுப்பில் உட்கார்ந்தால் கேட்க நூறு கேள்வி இருக்கும். கணக்கு வழக்கு பற்றி இரண்டு பக்கமும் வாய் திறப்பதில்லை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பதை ஆடிட்டரிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்திரம் கடைசியில் வாங்கலாம். அதற்கு முன் கெடுத்துப் பழக ஒரு சோபா வேண்டும். அதற்குக் காசு தேவையில்லை. வீடு காலி செய்கிறவர்கள் காலி மனை ஓரத்தில் இரவோடு இரவாக இறக்கிவிட்டுப் போன சோபாக்கள் இந்த ஊரில் மழையில் நனைந்துகொண்டிருக்கின்றன. ஒன்றைக் கிழித்து, உள்ளே நாரா, பஞ்சா, ஃபோமா என்று பார்க்கலாம். ஒரு குஷனில் டீயை ஊற்றி, ஒரு வாரம் விட்டு, எடுக்க முயலலாம். மறுநாள் காலையில் போய் அந்தக் கறை மேலே ஏறி வந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்.