ரெண்டு போதும், சரி. ஆனா ஏன்?

பகா எண் மாதிரி, மேற்கொண்டு வகுத்து உடைக்க முடியாத குலத்தைத்தான் எளிய குலம் என்கிறோம். முடிவுறு எளிய குலம் எதுவானாலும், சரியான இரண்டு உறுப்புகளைத் தேர்ந்து திரும்பத் திரும்பப் பெருக்கினால் மொத்தக் குலமும் கிடைத்துவிடும். மான்ஸ்டர் குலத்தின் உறுப்புகளை எண்ணினால் அது 54 இலக்க எண். அதுக்கும் ரெண்டே பிறப்பாக்கிகள் போதும்!

தேற்றம் அழகு. எனக்குக் குறை அதன் நிரூபணத்தின் மேல்தான்.

எல்லா முடிவுறு எளிய குலங்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் லீ வகைக் குலங்களை 1962இல் ஸ்டைன்பெர்க் முடித்தார். எந்தக் குடும்பத்திலும் சேராத 26 குலங்களை 1984இல் அஷ்பாகரும் குரால்னிக்கும் முடித்தார்கள். ஒவ்வொரு பெயராக டிக் அடிச்சாச்சு, அவ்வளவுதான். உடைக்க முடியாத தன்மைக்கும் 'இரண்டு' என்ற எண்ணுக்கும் என்ன உறவு? நிரூபணம் வாயே திறப்பதில்லை.

இதில் ஆபத்தும் இருந்தது. பட்டியல் முழுமையடைந்ததாக 1983இல் கோரன்ஸ்டைன் அறிவித்தார். உள்ளே இருந்த ஓட்டையை அஷ்பாகரும் ஸ்மித்தும் அடைத்தது 2004இல்தான். நடுவில் இருபது வருஷம் நம்ம தேற்றம் கடனில்தான் நின்றது. பட்டியலைத் தொடாத நிரூபணம் இன்றைக்கும் இல்லை.

இதோடு பிலிப் ஹால் 1936இல் செய்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து பொருட்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் 60. அவை ஓர் எளிய குலம். வரிசையோடு எடுத்தால் 3600 ஜோடிகள். அவற்றில் 2280 முழுக் குலத்தையும் பிறப்பிக்கும். குலத்துக்குள்ளே 120 சமச்சீர்கள் இருப்பதால், உண்மையில் வேறுபட்ட ஜோடிகள் 2280/120, அதாவது 19. இந்தக் குலத்தின் 19 பிரதிகளைச் சேர்த்துப் பெருக்கிய பெரிய குலத்துக்கும் இரண்டு உறுப்புகள் போதும்; 20 பிரதிகளுக்குப் போதாது. காரணம், எளிய குலம் என்பதால் இரு பிரதிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள ஒரே வழிதான் உண்டு: ஒன்றின் ஜோடியை ஒரு சமச்சீர் மற்றதன் ஜோடியாக மாற்றவேண்டும். 20 பிரதி வைத்தால் எங்கோ அது நடந்தே தீரும்.

இங்கே 'எளிய' என்ற சொல் கண்ணெதிரே வேலை செய்யுது. ஏன் 19 என்று கேட்டால் பதில் இருக்கு.

பட்டியல் வழி வீண் என்று நான் சொல்ல வரல. உண்மை என்ற உத்தரவாதத்தை அது தருகிறது. ஆனால் புரிந்துவிட்டது என்ற முத்திரையை அதுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரல. 'ஏன் இரண்டு?' என்ற கேள்வியைத் திறந்த கேள்விகளோடுதான் வைக்கணும்.