நிழலைத் தடுத்தலும் சாட்சியம் அளித்தலும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் மம்சாபுரம். அதனை அடுத்த செண்பகத்தோப்புப் பகுதியின் ஓடைக்கரை மரங்களில் சாம்பல் நிற அணில் வாழ்கிறது. தென்னிந்தியாவின் சில இடங்களிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படும் இவ்வுயிரின் பொருட்டு 1988இல் இங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. கேமராவுடன் இவ்வடிவாரத்துக்கு வரும் இளைஞர் ஒருவர் அணிலைத் தெளிவாகப் படமெடுத்துவிடக் கூடும். கருவிகள் இன்று அத்துணைத் திறன் பெற்றுள்ளன. ஆனால் அப்படம் எதனைச் சொல்கிறது, அதனைச் சொல்லும் தகுதியை அவர் யாரிடமிருந்து பெற்றார் என்னும் வினாக்களுக்குக் கருவி விடையளிப்பதில்லை. இயற்கை ஒளிப்படங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் வியப்புரைகளாகவே நின்றுவிடுகின்றன. அவற்றை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை நம் அறிவு மரபிலிருந்தே எடுத்துக்கொள்ள இயலும் எனக் கருதுகிறோம்.

உருவம் வரைதல் பற்றிய மார்க்கத் தடை ஒளிப்படத்துக்கும் பொருந்துமா என்னும் சர்ச்சையில், 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக விளங்கிய அல்லாமா முஹம்மத் பகீத் அல்-முதீஈ அது ஆகுமானதே என வாதிட்டார். படமெடுப்பவர் புதிதாக எதனையும் உருவாக்குவதில்லை. இறைவன் படைத்த ஒன்றின் நிழலைத் தடுத்து வைக்கிறார், அவ்வளவே என்பது அவருடைய வாதத்தின் சாரம். உலமாக்கள் அனைவரும் இதனை ஏற்றுக்கொண்டாரல்லர். அந்த விவாதத்தை மீண்டும் திறப்பது நமது நோக்கமுமன்று. ஆயினும் இவ்வாதத்தினுள் ஒரு கலைக்கொள்கையும் அடங்கியிருக்கிறது. படமெடுப்பவர் படைப்பாளர் அல்லர் எனில் அவர் சாட்சியாளர் ஆகிறார். சாட்சியை எடைபோடும் முறையை ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்துள்ளது: அறிவிப்பாளரின் நேர்மை, அவருடைய துல்லியம், அவர் யாரிடமிருந்து பெற்றார் என்னும் தொடர். ஹதீஸின் கண்ணியத்தை ஒளிப்படத்துக்கு ஏற்றிச் சொல்வது நம் கருத்தன்று. சோதிக்கும் முறையை மட்டுமே இரவல் கொள்கிறோம்.

முதலில் மா. கிருஷ்ணனை (1912–1996) நோக்குவோம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான இவர், 1950 முதல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் இயற்கை குறித்த பத்தியை எழுதிவந்தார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவுக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். வண்ணப்படச் சுருள் பெருகிய பின்னரும் கருப்பு வெள்ளையையே கைக்கொண்டார். 2006இல் வெளிவந்த 'ஐ இன் த ஜங்கிள்' தொகுப்பைப் புரட்டுவோருக்கு அவருடைய படங்கள் முதற்பார்வையில் ஏமாற்றம் தரலாம். கண்ணைப் பறிக்கும் ஒளியோ நாடகத் தருணமோ அவற்றில் மிகுதியாக இல்லை. யானையின் உடற்கட்டு, கூட்டத்தில் அதன் இடம், அது நிற்கும் காட்டின் இயல்பு ஆகியனவே அவற்றில் முதன்மை பெறுகின்றன. தீபகற்ப இந்தியாவின் பெரும் பாலூட்டிகளைப் பற்றிய அவருடைய ஆய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக்கியது. இதனை நினைவிற்கொண்டு நோக்கின், அப்படங்களின் எளிமை குறைபாடன்று, துல்லியத்தின் விலை என்பது விளங்கும்.

கிருஷ்ணன் தனித்து இயங்கியவர் என்று கூறுவது வழக்கம். அது பாதி உண்மையே. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஃபைசனிடம் பயின்றார். அவருடன் மலைகளுக்குச் சென்று செடிகளை அறிந்தார். 1940களில் சண்டூர் சமஸ்தானத்தில் பணியாற்றினார். அவ்வரச குடும்பத்தைச் சேர்ந்த எம். ஒய். கோர்படே பின்னாளில் கருப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்து, 1983இல் 'சன்லைட் அண்ட் ஷேடோஸ்' நூலை வெளியிட்டார். தனிமையில் காத்திருப்பது கேமராவின் பின்னால் மட்டுமே. கண்ணோ பிறருடன் நடந்து பழகியே உருவாகிறது.

தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி. என். ஏ. பெருமாள் (1932–2017) வேறொரு மரபினர். மூத்த ஒளிப்படக் கலைஞர் ஓ. சி. எட்வர்ட்ஸிடம் கற்று, பின்னர் அடுத்த தலைமுறையினர் பலருக்கு ஆசானானார். இது கண்காட்சிகளும் ஒளிப்படச் சங்கங்களும் வளர்த்த மரபு. அதன் பலம் கற்பிக்கும் முறையில் உள்ளது: சேர்ந்து காட்டுக்குச் செல்வர், ஒருவர் படத்தை மற்றவர் முன்வைத்துக் குறைகூறக் கேட்பர். பலவீனமும் அங்கேயே பிறக்கிறது. கண்காட்சிக்கு உகந்த படம் பின்புலத்தைத் துடைத்தெறியத் தூண்டும். பறவை அழகாக எஞ்சும். அதன் வீடு மறைந்துபோகும். இம்மரபின் ஆசானாகிய பெருமாள், மேற்கூறிய கிருஷ்ணன் தொகுப்பைப் பிறருடன் இணைந்து உருவாக்கினார் என்பது மனம்கொள்ளத்தக்கது. தம் மரபுக்கு மாறான சாட்சியைப் பேணிக் கையளித்ததை அறிவுலக நேர்மை என்றே சொல்ல வேண்டும்.

தோழமை பிழையையும் கற்பிக்கும் என்பதை மறைத்தலாகாது. 1942இல் போரினால் சிங்கப்பூரை விட்டு இந்தியா வந்த லோக் வான் தோ, பம்பாயில் பறவையியலாளர் சாலிம் அலியின் நண்பரானார். அவருடைய ஆய்வுப் பயணங்களுக்குப் பொருளுதவியும் செய்தார். ஒருவர் அறிவையும் மற்றவர் படக்கலையையும் பகிர்ந்துகொண்ட நட்பு அது. ஆனால் அத்தலைமுறையின் பறவைப் படங்களில் பல, மறைவிடம் அமைத்துக் கூட்டருகே எடுக்கப்பட்டவை. அன்று அது ஏற்கப்பட்ட முறை. தாய்ப்பறவை கூட்டைக் கைவிட நேரும், கூடு பகையுயிர்களுக்குப் புலப்படும் என்பதால் இன்று பல போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. சாட்சியம் எவ்வழியில் பெறப்பட்டது என்று கேட்பதும் நேர்மைச் சோதனையின் பாற்பட்டதே. தொடரின் ஒவ்வொரு கண்ணியும் விசாரணைக்கு உரியது என்று நம் முன்னோர் வகுத்ததன் பொருள் இங்கும் விளங்குகிறது.

இனி, அணிலிடம் திரும்புவோம். அது பெரும்பாலும் தரையிறங்காமல், கிளையோடு கிளை தொடும் மரமுடிகளின் வழியே நடமாடுவது. இடையில் ஒரு மரம் வீழ்ந்தால் அதன் பாதை அறுபடுகிறது. அணிலின் முகம் மட்டும் சட்டகத்தை நிறைக்கும் படம் அழகியதாக இருக்கலாம். பாதிச் சாட்சியத்தை விழுங்கிவிட்ட படமும் அதுவே. தொட்டுநிற்கும் இரு மரமுடிகளையும் சேர்த்துக் காட்டும் படம், அவ்வுயிரின் வாழ்வு எதனைச் சார்ந்தது என்று சொல்லிவிடும். இதனை அவ்விளைஞருக்கு உணர்த்தக்கூடியவர்கள் அம்மலையின் பளியர்களும், தோப்புக் காவலர்களும், வனக் காவலர்களுமே. கேமராவைத் திறக்குமுன் அவர்களிடம் அமர்ந்து கேட்பதே முதற்பாடம்.

நூலறிவுக்கும் தமிழில் வழியுண்டு. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' எனத் தொகுத்தளித்தார். 'காட்டுயிர்' இதழை நடத்திய ச. முகமது அலி, 'யானைகள்: அழியும் பேருயிர்' நூலை க. யோகானந்துடன் இணைந்து எழுதினார். இத்துறை நம் சமுதாயத்துக்கு அந்நியமானதன்று என்பதற்கு இவரே சான்று.

விலங்குகளையும் பறவைகளையும் மனிதரைப் போன்ற சமூகங்களாகவே அல்-அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் அறிமுகம் செய்கிறது. ஒரு சமூகத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல முன்வருபவர் அதன் வழக்கங்களை அறிந்திருத்தல் வேண்டும். அதற்குத் தீங்கிழைக்காதிருத்தலும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத படம் எத்துணை ஒளிமிக்கதாயினும், நாம் அதனை ஏற்கத்தக்க சாட்சியமாகக் கொள்வதற்கில்லை.